மூட்டாத சாரம்

"இவ பொய் சொல்றா" என்று ஷரிபுதீன் சொன்னபோது டீவியில் பாக்கியம் அழுதுகொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து வீட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து விழுந்ததால் அந்த வார்த்தை தெருமுனைவரை கேட்டது.

சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மருதமுனையில் வீட்டோடு சேர்ந்து சொந்தத் தறி நாலு, கல்முனைக் கடைத்தெருவில் சாரக் கடை ஒன்று. எதிரே வருகிறவனின் இடுப்பைப் பார்த்தே அந்தச் சாரம் யாருடைய தறியில் இறங்கியது, சாயம் எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்லிவிடுவார். ஆட்களின் முகம் அவருக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. ஒரு தரம் கண்ட சாரத்தை மறக்கவே மாட்டார். அந்தக் கண்ணால் அவருக்கு வந்த பெருமையை ஊரே அறியும். வந்த வினைதான் இந்தக் கதை.

ஊருக்கு டீவி வந்து இரண்டாவது வருஷம் அது. அந்தத் தெருவில் டீவி இருந்த ஒரே வீடு ஷரிபுதீனுடையது. திங்கட்கிழமை பின்னேரம் தமிழ் நாடகம் போகும். மஃரிப் தொழுத கையோடு தெரு முழுதும் அங்கே வந்து இறங்கிவிடும். பெண்களுக்கு உள்ளே பாய், ஆண்களுக்கு வெளியே வாங்குப் பலகை, பிந்தி வருகிறவர்களுக்கு யன்னல் கம்பி.

நாடகத்தில் பாக்கியத்தின் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போனவன் போனவன்தான், இன்னொருவனைக் கட்டு என்று ஊரெல்லாம் சொல்கிறது. அவள் அசையமாட்டாள். நெஞ்சு பாரமாகும்போதெல்லாம் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சாரத்தை எடுப்பாள். முகத்தில் ஒற்றிக்கொண்டு, "இது அவர் கடைசியா உடுத்தியிருந்த சாரம்" என்பாள். கிழமைக்கு ஒரு தரம் தவறாமல் இது நடக்கும். பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அத்தனை கிழமையும் அந்தச் சாரம் மடித்தபடியே வந்தது. அன்றைக்கு மட்டும் பாக்கியம் அதை உதறி விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஷரிபுதீன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு தலைப்பும் இரண்டு பக்கமாகத் தொங்கின.

தறியிலிருந்து வெட்டி இறக்கும்போது சாரம் வெறும் நீளத் துண்டுதான். இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதைத்தான் மூட்டுவது என்பார்கள். மூட்டின பிறகுதான் ஓர் ஆண்பிள்ளை அதை நம்பி உடுத்தலாம். மூட்டாததைச் சுற்றிக்கொண்டு கடற்கரையில் நாலு எட்டு வைத்தால் போதும், காற்று வந்து மானத்தை வாங்கிவிடும்.

"மூட்டாத சாரம். இத ஒருத்தன் எப்பிடி உடுத்தியிருப்பான்?" என்று ஷரிபுதீன் நியாயம் கேட்டார்.

அவருடைய மனைவி ஜுனைதா ஈரக் கண்ணோடு திரும்பிப் பார்த்தாள். "வாய வெச்சுக்கொண்டு சும்மா இருங்களன்" என்றாள். நல்ல புத்திமதிதான். ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கலாம்.

விடிந்து கடையைத் திறப்பதற்குள் கதை அவருக்கு முன்னால் கல்முனைக்குப் போய்விட்டது. சாரம் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர், சாரத்தைப் பற்றிக் கதைக்க வந்தவர்கள் இருபது பேர். மத்தியானத்துக்குள் மூட்டின கட்சி, மூட்டாத கட்சி என்று கடை இரண்டாகப் பிரிந்து நின்றது.

மூட்டின கட்சிக்கு அபுல் ஹஸன் தலைவர். அவரும் தறிக்காரர்தான். ஷரிபுதீனுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. சாரம் முதலில் மூட்டித்தான் இருந்தது, புருஷன் போன பிறகு பாக்கியம் தையலைப் பிரித்துவிட்டாள் என்பது அவருடைய கட்சி. ஏன் பிரித்தாள் என்றால், இனி இதை உடுத்த ஆளில்லை என்று காட்டத்தான். அதைச் சொல்லிவிட்டு அவரே தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூட்டாத கட்சியில் ஒருவர் எழும்பி, அந்தச் சாரம் புருஷன் வந்து உடுத்துவான் என்று வாங்கிவைத்த புதுச் சாரம், அவள் துக்கத்தில் மாறிச் சொல்கிறாள் என்றார். இன்னொருவர் அதற்கும் மேலே போய், அது அவன் சாரமே இல்லை, பெட்டிக்குள் வேறு ரகசியம் இருக்கிறது, பொறுத்துப் பாருங்கள் என்று பயமுறுத்தினார்.

கொழும்பில் நாடகம் எடுத்தவர்கள் கடையில் ஒரு சாரத்தை வாங்கி அப்படியே கொடுத்திருப்பார்கள், மூட்ட மறந்திருப்பார்கள் என்று ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். அவரை இரண்டு கட்சியும் சேர்ந்து துரத்திவிட்டது.

கடைசியில் காரைதீவுச் செல்லத்தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுவரை டீவி திருத்துவதும் அன்டனா பூட்டுவதும் அவன்தான். எல்லா வீட்டுக் கூரையிலும் ஏறி இறங்குகிறவன். எல்லா வீட்டுக் கதையும் காதில் விழும். படத்தில் ஒரு தையல் தெரியாமல் மறைய முடியுமா என்று அவனிடம் கேட்டார்கள். படத்தில் புள்ளி விழுந்தால் பாக்கியமே மறைந்துபோவாள், தையல் எம்மாத்திரம் என்று இரண்டு கட்சிக்கும் பிடிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

இதுவரைக்கும் ஷரிபுதீனுக்கு எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கண்ணைப் பற்றி ஊர் கதைக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்? பின்னேரம் காலிதீன் கடை வாசலில் வந்து நின்றபோதுதான் அந்தச் சந்தோஷம் கலைந்தது.

காலிதீன் சாய்ந்தமருதுப் பொடியன். படிப்பிக்கிற வாத்தியார். ஷரிபுதீனின் ஒரே மகள் சுல்பிகாவுக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை. திகதி மட்டும்தான் குறிக்கவில்லை. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை உடுபுடவையோடு அங்கே வந்து ஏறிவிடுவார். ஷரிபுதீனும் தன் வளவுக்குள்ளேயே ஓடு போட்டு, சுண்ணாம்பு அடித்து, கதவுக்குப் பச்சை மை பூசி ஒரு வீட்டை முடித்து வைத்திருந்தார். யாரும் குடியேறாத அந்த வீட்டைச் சுல்பிகா தினமும் காலையில் கூட்டிப் பெருக்கினாள்.

"மாமா, உம்மா ஒண்டு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார் காலிதீன், சார அடுக்கைப் பார்த்துக்கொண்டு. "பாக்கியத்தப் பொய்க்காரி எண்டு நீங்க சொன்னது மெய்யா?"

மெய் என்றால் ஒரு வம்பு, பொய் என்றால் இன்னொரு வம்பு. ஷரிபுதீன் மடித்திருந்த சாரம் ஒன்றை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார். காலிதீன் பாவம், சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். அவருடைய உம்மா அஸீஸா இளம் வயதில் கைம்பெண்ணானவர். பாய் இழைத்தும் இடியப்பம் அவித்து விற்றும் மகனை வாத்தியார் ஆக்கியவர். சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பிய டீவியில் அவரும் திங்கட்கிழமை தவறாமல் நாடகம் பார்க்கிறவர். அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "புரிசன் இல்லாத ஒருத்தி கல்பு நொந்து சொல்ற சொல்ல நம்பாத ஊட்டுக்கு என்ர மகன நான் எப்பிடி அனுப்புற?"

"உம்மா அப்பிடித்தான் சொன்னாவா?"

"ஓம் மாமா. திகதியப் பத்தி மறுகா பாப்பமாம்."

அன்றிரவு ஷரிபுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று ஜுனைதா சொல்லவில்லை. சொல்லாமலே அவள் கறியை வைத்த விதத்தில் அது இருந்தது. கடைசியில் அவள்தான் ஒரு வழியும் சொன்னாள். மாப்பிள்ளைக்கு நல்ல சாரம் ஒன்றும் கூடவே இனிப்புக்குத் தொதலும் அனுப்புவோம், கோபம் ஆறிவிடும் என்றாள்.

ஷரிபுதீன் தன் தறியில் இறங்கியதிலேயே உயர்ந்த சாரத்தை எடுத்தார். கரை நெசவு கண்ணில் ஒற்றலாம். அதைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் தொதலை வைத்து, அபுல் ஹஸனிடம் கொடுத்தார். கலியாணம் பேசி முடித்தவர் அபுல் ஹஸன்தான். ஆகவே தூது போவதும் அவர் பொறுப்பு.

அபுல் ஹஸன் பின்னேரமே திரும்பி வந்தார். தாம்பாளத்தில் தொதல் இல்லை. சாரம் அப்படியே இருந்தது.

"என்ன மச்சான்?"

"நீ மூட்டாத சாரத்த அனுப்பிக் குத்திக் காட்டுறியாம்" என்றார் அபுல் ஹஸன்.

ஷரிபுதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். உலகத்தில் எவன் புதுச் சாரத்தை மூட்டி விற்கிறான்? வாங்குகிறவன் வீட்டில் மூட்டிக்கொள்வான். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பெண்ணைப் பெற்றவன் நியாயம் கதைக்கக்கூடாது. உடனே ஜுனைதாவை மெஷினில் உட்கார வைத்தார். தையல் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பக்கத்தில் நின்று பார்த்தார், பிறகு யோசித்துவிட்டு, தெரியத்தான் வேண்டும் என்று வெள்ளை நூலைப் போடச் சொன்னார். இம்முறை தாம்பாளத்தில் வட்டிலப்பம் போனது.

வட்டிலப்பம் அங்கே தங்கியது. சாரம் திரும்பி வந்தது.

"மூட்டின சாரமெண்டா ஆரோ உடுத்ததாம்" என்றார் அபுல் ஹஸன். "மாப்பிள்ளைக்கு உடுத்த சாரத்தயா அனுப்புற எண்டு கேக்கிறா. அவ கேக்கிறதிலயும் பிழ இல்ல."

"வட்டிலப்பத்தப் பத்தி ஒண்டும் சொல்லல்லயா?"

"இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சாம்."

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. மறுநாள் காலை, கடையில் இரண்டு கட்சியும் கூடியிருந்த நேரம், ஷரிபுதீன் எழுந்து நின்று, தான் பார்த்தது பிழை, பாக்கியத்தின் சாரத்தில் மூட்டு இருந்தது, தன் கண் ஏமாந்துவிட்டது என்று அறிக்கை விட்டார். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. சாய்ந்தமருதுக்கு இந்தச் சேதி மத்தியானத்துக்குள் போய்விடும், பின்னேரம் திகதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

சேதி போனதோ இல்லையோ, அபுல் ஹஸனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கட்சி வென்றிருக்கிறதே, சந்தோஷப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்ப போன பெருநாளைக்கு என்ர சாரத்தில இழை விட்டிருக்கு எண்டு திருப்பி அனுப்பினியே, அது எந்தக் கண்ணால பாத்த?" என்று கேட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அங்கே இருந்த தறிக்காரர் எல்லோரும் அவர் கடைக்குச் சாரம் போடுகிறவர்கள், எல்லோருக்கும் ஷரிபுதீன் எப்போதோ ஒரு குறை சொல்லியிருந்தார். இவருக்குக் கரை கோணல், அவருக்குச் சாயம் திட்டு. எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மூட்டின கட்சியும் மூட்டாத கட்சியும் ஒற்றுமையாகி, கண் தெரியாத ஆளுக்கு இனிச் சாரம் போடுவதில்லை என்று எழுந்து போயின. இனித் தாம்பாளம் தூக்கவும் ஆள் பார்த்துக்கொள் என்று அபுல் ஹஸன் போகிற போக்கில் சொன்னார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஷரிபுதீன் வீட்டில் கூட்டம் இருந்தது, ஷரிபுதீன் இல்லை. அவர் சாய்ந்தமருது பஸ்ஸில் இருந்தார். அஸீஸா உம்மாவோடு இருந்து நாடகத்தைப் பார்த்து, சாரம் வரும் இடத்தில், மூட்டினதுதான் என்று நேருக்கு நேர் ஒத்துக்கொண்டு வந்துவிடுவது என்பது தீர்மானம். சொல்ல வேண்டிய வசனத்தை வழி நெடுக மனப்பாடம் பண்ணினார்.

போய்ச் சேர்ந்தபோது காலிதீன் கூரையில் இருந்தார். அன்டனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு, வருங்கால மாமனைக் கண்டு மேலிருந்தே சலாம் சொன்னார். உள்ளே அஸீஸா உம்மாவின் குரல் கேட்டது.

"கொஞ்சம் அங்கால... இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு... கிறுகி வா... ஓம், நில்லு மகன்."

ஷரிபுதீனுக்கு முன்னறையில் கதிரை போட்டிருந்தது. அஸீஸா உம்மா அறைக் கதவுக்கு அந்தப் பக்கம், முக்காட்டோடு பாயில் உட்கார்ந்து, இடைவெளியால் டீவியைப் பார்த்தார். அந்த இடைவெளியாலேயே தேத்தண்ணி வந்தது. கூடவே வந்த தட்டில் பிஸ்கட்டும் பழமும் நிறைந்து கிடந்தன. கோபக்கார வீட்டில் இவ்வளவு உபசாரத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நாடகத்தில் பாக்கியம் பெட்டியைத் திறந்து சாரத்தை எடுத்தாள், விரித்தாள், தோளில் போட்டாள். ஷரிபுதீன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தால் மூட்டாத தலைப்பு தெரியும், வாயில் உண்மை வந்துவிடும்.

"ராத்தா, நான் அண்டைக்குச் சொன்னது பிழ" என்றார். "அது மூட்டின சாரந்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது.

"இல்ல தம்பி" என்றது குரல். "நீங்க சொன்னதுதான் சரி. நான் வடிவாப் பாத்துட்டன். அது மூட்டாத சாரம்."

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லி எழுந்து வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பஸ்ஸில் பாடமாக்கிய வசனம் நாக்கில் நின்றது. "இல்ல ராத்தா, மூட்டினதுதான், என்ர கண்தான் பிழ" என்று அடித்துச் சொன்னார்.

"அப்ப நான் பொய் சொல்றனோ?"

ஷரிபுதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவசர அவசரமாக, மூட்டாதது, மூட்டாதது, நீங்கள் சொன்னால் சரி என்றார்.

"அப்ப பாக்கியம் பொய் சொல்றாளோ?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் அடிதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையில் உட்கார்ந்தபடி தன் சாரத்தின் மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்தது. கூரையிலிருந்து காலிதீன், "உம்மா, இறங்கட்டா?" என்று கேட்டார்.

"நில்லு மகன், செய்தி இரிக்கு" என்றார் உம்மா. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "திகதிய மறுகா பாப்பம் தம்பி. அடுத்த திங்களும் வாங்க" என்று விடைகொடுத்தார்.

வீட்டுக்கு வந்த ஷரிபுதீன் பத்து வயது கூடினவர்போல இருந்தார். சுல்பிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நாலு தறிக்குச் சொந்தக்காரன், ஊருக்கே குறை சொல்கிறவன், ஒரு சொல்லை அடக்க முடியாமல் மகளின் கலியாணத்தில் மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது. மனசில் பட்டதை மறைக்காமல் மகளிடமே சொன்னார். "வாப்பாட வாயால உனக்கு இப்பிடி ஆகிப்போச்சு மகள்."

சுல்பிகா பாயில் உட்கார்ந்து, அங்கே நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். சாரத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டது இரண்டே இடத்தில்தான்.

"செய்தி முடியிற வரைக்கும் அவர் கூரையிலயா இருந்தவர்?"

"ஓம். பாவம், பனியில நிண்டார்."

"ஊட்ட வேற ஆரும் இல்லயா வாப்பா?"

"வேற ஆரு இரிக்கா? தாயும் மகனுந்தான்."

"பொறுங்க வாப்பா, எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அழத்தான் போகிறாள் என்று ஷரிபுதீன் நினைத்தார். அவளைத் தேற்றப் போகவும் தைரியம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாடகத்தின் கடைசிப் பகுதி. மறுபடியும் அடி வாங்க ஷரிபுதீன் சாய்ந்தமருதுக்குப் போகவில்லை. தெருவே நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கோபித்துப் போன தறிக்காரர்களும் வேறு வழியில்லாமல் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கோபம் வேறு, நாடகம் வேறு. பெட்டியின் ரகசியம் இன்று தெரிந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பாக்கியம் பெட்டியைத் திறக்கவே இல்லை. கரையில் வந்து நின்றாள். ஒரு படகு வந்தது. புருஷன் உயிரோடு இறங்கினான். அவன் நீளக் களிசான் போட்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பாட்டு வந்தது, முற்றும் என்று போட்டுவிட்டார்கள். இத்தனை கிழமை ஊரைப் பிரித்த சாரத்தைப் பற்றி ஒருவனும் ஒரு சொல் சொல்லவில்லை.

யன்னலுக்கு வெளியே அபுல் ஹஸனும் வீட்டுக்குள்ளே ஷரிபுதீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் சேர்த்தல்லவா ஏமாற்றிவிட்டான்கள்? அபுல் ஹஸன் வாங்குப் பலகைக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். களிசான் போடுகிறவனுக்குச் சாரம் என்னத்துக்கு என்று இருவரும் ஒரே வாயாகக் கேட்டார்கள். சிநேகம் அந்த நிமிஷமே ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணி வந்தது.

அதோடு நிற்கவில்லை நல்ல காலம். நாலு நாள் போகவில்லை, அபுல் ஹஸன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கடைக்கு முன்னால் குதித்தார். அஸீஸா உம்மா சம்மதித்துவிட்டாராம். வேளாண்மை வெட்டு முடிந்த முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹ். திகதியை அவரே குறித்துக் கொடுத்திருக்கிறார். சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தொதல் இன்னும் கொஞ்சம் இருந்தால் அனுப்பச் சொன்னாராம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தார் ஷரிபுதீன். கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்த கையோடே பெருமையும் திரும்பி வந்துவிட்டது.

வந்த பெருமைக்கு ஒரு விளக்கம் வேண்டாமா? ஒரு நாள் யோசித்து அதையும் கண்டுபிடித்தார். பாக்கியத்தின் புருஷன் உயிரோடு வந்துவிட்டான். ஆகவே அவள் கைம்பெண்ணே இல்லை. ஆகவே தான் எந்தக் கைம்பெண்ணையும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அவன் உடுத்தியிருந்த சாரம் அவனோடு கடலுக்குப் போயிருக்கும், பெட்டிக்குள் இருந்தது உடுத்தாதது, ஆகவே மூட்டாதது. முதல் நாளே தான் சொன்னது சரி. அஸீஸா உம்மா புத்தியுள்ள மனிசி, கடைசிப் பகுதியைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டுவிட்டார். இந்த விளக்கத்தைக் கடையில் எல்லோருக்கும் சொன்னார். மருதமுனை பஸ்ஸில் சொன்னார். ஜுனைதாவுக்கு மூன்று தரம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, ஓம் ஓம் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தபோது புது வீட்டின் கூரையில் செல்லத்தம்பி இருந்தான். நீண்ட குழாய் ஒன்றை முகட்டில் நிறுத்திக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வாயில் நாலைந்து ஆணி. கீழே சுல்பிகா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாப்பாவைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதிதாக ஓர் ஆள் கிடைத்தால் ஷரிபுதீன் விடுவாரா? ஏணிக்குக் கீழே நின்று, மேலே பார்த்து, பாக்கியத்தில் தொடங்கி அஸீஸா உம்மா வரைக்கும் தன் விளக்கத்தைச் சொல்லி முடித்தார். செல்லத்தம்பி வாயில் ஆணியோடு கேட்டுக்கொண்டிருந்தான். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"நான் சொன்னது சரிதானே தம்பி? ஒரு கண்ணிருந்தா ஊர வெல்லலாம்" என்று முடித்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. "அது சரி, எங்கட ஊட்டுக் கூரையிலதான் ஒண்டு இரிக்கே. இந்த அன்டனா ஆருட டீவிக்கு?"

செல்லத்தம்பி கடைசி ஆணியை அடித்து முடித்தான். குழாயை ஒரு தரம் அசைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அந்த உம்மாட டீவிக்குத்தான் முதலாளி. மகன் இஞ்ச வந்துட்டா அங்க அன்டனாவத் திருப்ப ஆளில்ல எண்டுதான் அவ இவ்வளவு நாளும் சாரத்தப் புடிச்சுக்கொண்டு நிண்டவ, 'மாமி, நீங்களும் டீவியோட வாங்க' எண்டு உங்கட மகள் என்னட்டச் சொல்லி அனுப்பின அண்டைக்கே திகதியக் குறிச்சுட்டா."